மனைவி அல்லாத ஓர் ஊழியர்

கடிதத்தை நான்காவது முறை படித்தபோதும் டெல்மர் ஹாக்பார்ட்டுக்கு அதே வரியில்தான் வியர்த்தது. வெளியே அக்டோபர் மாதத்து மினசோட்டா குளிர். உள்ளே, கடையின் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூடிய கோப்பையின் மேல் உட்கார்ந்திருந்தார். மனைவியின் கண்ணில் படாமல் ஒரு கடிதத்தைப் படிக்க அந்தக் கடையில் வேறு இடம் கிடையாது.

'அரசின் புதிய விதிமுறைப்படி, உரிமையாளரும் அவருடைய வாழ்க்கைத் துணையும் மட்டுமே பணிபுரியும் நிறுவனம் இனி ஒரு குழுவாகக் கருதப்படாது. மனைவி அல்லது கணவர் அல்லாத ஊழியர் ஒருவரேனும் இருந்தால் மட்டுமே, ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு தங்கள் குழு மருத்துவக் காப்பீடு தொடரும்.'

கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"டெல்மர்! உள்ள என்ன குடித்தனமா நடத்துற? பெட்டர்சனோட பனி தள்ளுற மெஷின் என்னாச்சுன்னு மூணாவது தடவையா போன் பண்றாரு!"

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

கடிதத்தை எட்டாக மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டார். தேவையே இல்லாமல் ஒரு முறை தண்ணீரும் இழுத்துவிட்டார்.

கோடையில் புல்வெட்டிகள், குளிரில் பனி தள்ளும் இயந்திரங்கள். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பழுதுபார்க்கும் கடை இரண்டே பேரால் ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் எண்ணெய்க் கையோடு டெல்மர். முன்னால், தொலைபேசி, ரசீது, உதிரிப் பாகங்கள், கோபக்கார வாடிக்கையாளர்கள் எல்லாவற்றுக்கும் மார்லிஸ்.

அவள் அந்த மேஜையில் உட்கார்ந்து பேனா பிடித்து எழுதுவதே ஓர் ஊசியின் புண்ணியத்தில்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் மூட்டுவாதம் வந்து அவள் விரல்கள் மடங்கிப்போயின. பால் புட்டியின் மூடியைத் திறக்க முடியாது. கோட்டுக்குப் பொத்தான் போட முடியாது. ஒரு நாள் காலை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது, நாலாவது பொத்தானில் தோற்றுப்போய் அப்படியே கதவில் சாய்ந்து அழுதாள். டெல்மர் மண்டியிட்டு மிச்சப் பொத்தான்களைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு கிடைத்த மருந்துதான் இது. இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை தொடையில் ஒரு குத்து. ஓர் ஊசியின் விலைக்கு நல்ல புல்வெட்டியாகவே இரண்டு வாங்கலாம். காப்பீடு இருந்ததால் அந்த விலையைப் பற்றி இத்தனை நாள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மதியம், வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் டிரக்கை நிறுத்தி, காப்பீட்டு முகவர் கெயிலுக்கு போன் போட்டார்.

"கெயில், எங்க கடையில ரெண்டு பேர் இருக்கோம். ரெண்டு பேருன்னா குழு இல்லையா?"

"இந்த வருஷம் வரைக்கும் குழு. ஜனவரியிலேர்ந்து குடும்பம்."

"மார்லிஸ் சம்பளம் வாங்குறா. அதுக்கு வரி கட்டுறா. என்னைவிட ரெண்டு மடங்கு வேலை செய்றா."

"எல்லாம் சரி டெல்மர். ஆனா அவங்க உங்க சம்சாரம். அந்த ஒரு குத்தத்துக்காக அவங்களை ஊழியர்னு ஒத்துக்க மாட்டாங்க."

"தனியா ஒரு பாலிசி எடுத்துட்டா?"

"எடுக்கலாம். ஆனா நம்ம பக்கத்துல கிடைக்கிற தனி பாலிசியில அந்த ஊசியை எடுத்த எடுப்புல தர மாட்டாங்க. முதல்ல விலை கம்மியான மாத்திரையை ஆறு மாசம் சாப்பிடணும். அது கேக்கலைன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும். அப்புறம் இன்னொரு மாத்திரை."

"அந்த மாத்திரையெல்லாம் ஏழு வருஷம் முன்னாடியே சாப்பிட்டுத் தோத்தாச்சே!"

"அது பழைய கம்பெனியில தோத்தது. புதுக் கம்பெனியில புதுசா தோக்கணும்."

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு மாதம். அதற்குள் விரல்கள் எவ்வளவு மடங்கும்? போன தடவை மடங்கியது முழுசாகத் திரும்பவே இல்லை. இடது சுண்டு விரல் இன்னும் கோணல்தான்.

"ஒரே ஒரு ஆளை வேலைக்கு வெச்சுக்குங்களேன்" என்றாள் கெயில். "வாரத்துக்கு முப்பது மணி நேரம். அவர் நம்ம திட்டத்துல சேரணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் எளிதாகச் சொல்லிவிட்டாள். அந்த ஊரில் வேலை தெரிந்த ஆள் எவனும் சும்மா இல்லை. சும்மா இருந்த ஒரே ஆள் மார்லிஸின் தம்பி லைல்.

லைலுக்கு ஐம்பத்து நாலு வயது. தானியக் கிடங்கில் வேலை போன வசந்த காலத்திலிருந்து ஏரிக்கரையில் ஒரு டிரெய்லர் வீட்டில் தூண்டிலும் தானுமாக இருந்தான்.

"முப்பது மணி நேரமா?" என்று கேட்டான். "மாசத்துக்கா?"

"வாரத்துக்கு, லைல்."

"அடேங்கப்பா. அவ்வளவு நேரம் என்ன பண்றது?"

"வேலை."

லைல் ஏரியைப் பார்த்தான். "இன்சூரன்ஸ் உண்டா?"

"உண்டு! நீ அதுல சேந்தே ஆகணும்!"

"அப்ப சரி" என்று தூண்டிலைச் சுருட்டினான்.

தம்பிக்கு வேலை கொடுத்திருப்பதாக மட்டும் டெல்மர் வீட்டில் சொன்னார். மார்லிஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"அவனைக் கண்டாலே உனக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். எனக்காகத்தானே இதைச் செஞ்ச?"

"உனக்காகத்தான்" என்றார் டெல்மர். முழு உண்மை. ஆனால் காலுறைக்குள் கடிதம் உறுத்தியது.

முதல் நாள் லைல், பெட்ரோல் ஊற்ற வேண்டிய இடத்தில் எஞ்சின் ஆயில் ஊற்றினான். இரண்டாம் நாள், பழுதுபார்த்து வைத்திருந்த பெட்டர்சனின் பனி தள்ளும் இயந்திரத்தைக் கடைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தான். அது வாசல் கால்மிதியை விழுங்கிவிட்டு நின்றது. கால்மிதியின் நார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க டெல்மருக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. அந்த ஆறு மணி நேரமும் லைல் பக்கத்தில் நின்று காபி குடித்தான். அதையும் முப்பதில் கணக்கு வைத்துக்கொண்டான்.

"வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு" என்று உதவியும் செய்தான்.

போகட்டும். இருந்தால் போதும். இப்படித்தான் டெல்மர் தன்னைத் தேற்றிக்கொண்டார். இரண்டாவது வாரம் லைல் காப்பீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"டெல்மர், இதுல முட்டி ஆபரேஷன் வருமாமே?"

"எந்த முட்டி?"

"ரெண்டும்தான். பத்து வருஷமா வலி. இன்சூரன்ஸ் இல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஜனவரியில வலது, மார்ச்சுல இடது. நடுவுல கண்ணுல புரை எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

"அதுக்கெல்லாம் எத்தனை நாள் படுக்கணும்?"

"ஜூன் வரைக்கும் வேலைக்கு வர முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு."

டெல்மர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். முப்பது மணி நேரம் வேலை செய்தால்தான் இவன் ஊழியர். ஊழியராக இருந்தால்தான் காப்பீடு. காப்பீடு வந்தால் இவன் முட்டியை வெட்டிக்கொள்வான். முட்டியை வெட்டிக்கொண்டால் வேலை செய்ய மாட்டான். வேலை செய்யாவிட்டால்...

"முட்டியை ஜூலைக்குத் தள்ளி வெச்சுக்கயேன், லைல்."

"உனக்கென்னப்பா, உன் முட்டியா வலிக்குது?"

ஆனால் ஜனவரி வரை கூட அவன் தாங்கவில்லை. நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியுமாக வந்து, சம்பள உறையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். மான் வேட்டை மறுநாள் ஆரம்பம்.

"லைல், இப்ப நீ போனா நான் செத்தேன்."

"பதினாறு நாள்தானே?"

"கம்பெனிக்காரங்க போன் பண்ணி விசாரிப்பாங்கன்னு கெயில் சொல்லியிருக்கா."

"அது மானுக்குத் தெரியாதே, டெல்மர்" என்றான் லைல், உண்மையான வருத்தத்தோடு.

கம்பெனிக்காரர்கள் செவ்வாய்க்கிழமை போன் செய்தார்கள். டெல்மர் பின்கட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. "புது ஊழியர் சரிபார்ப்புக்காகக் கூப்பிடறேன். லைல் ஸ்கோக்லண்ட் இருக்காரா?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தார் டெல்மர். அந்த நொடியில் கதவில் சாய்ந்து அழுத மார்லிஸ்தான் கண்ணுக்குள் வந்தாள்.

"நான்தான் பேசறேன்" என்றது அவர் வாய்.

"நல்லதுங்க. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?"

"முப்பது. சில வாரம் முப்பத்தொண்ணு கூட."

"வேலை பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"முதலாளி பக்கத்துல இருந்தா அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க."

டெல்மர் தொலைபேசியை மேஜைமேல் வைத்தார். இரண்டடி தள்ளிப் போனார். கனமாகக் காலடி ஓசை கேட்கும்படி திரும்பி நடந்து வந்தார். எடுத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து பேசினார்.

"ஹாக்பார்ட் பேசறேன்."

"சார், லைல் எப்படி வேலை செய்றாரு?"

"நல்ல பையன். பொறுப்பான ஆளு."

"அவரோட பிறந்த தேதியைச் சொல்ல முடியுமா? ஃபார்ம்ல சரியா தெரியலை."

டெல்மருக்கு அது தெரியாது. "அவன்கிட்டயே குடுக்கறேன்" என்றார். சொன்ன பிறகுதான் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது உறைத்தது. தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி இரண்டடி தள்ளிப் போனபோது, முன்கட்டிலிருந்து மார்லிஸின் குரல் கடை முழுக்க அதிர்ந்தது.

"டெல்மர்! லைல் கொம்புல எட்டுக் கிளை இருக்கிற மான் ஒண்ணை அடிச்சிருக்கானாம்! காட்டுலேர்ந்து போட்டோ அனுப்பியிருக்கான், வந்து பாரு!"

டெல்மர் மெதுவாகத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

"சார்" என்றது குரல். இனிமை இப்போது கொஞ்சம் குறைந்திருந்தது. "இப்ப பேசறது யாருங்க?"

யார் என்று அவருக்கே தெரியவில்லை. வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. டிசம்பர் முதல் வாரம் கம்பெனியின் பிரதிநிதி நேரில் வந்து ஊழியர்களைப் பார்ப்பாராம். தவறான தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்று கடைசி வரி நினைவூட்டியது. அதையும் டெல்மர் கழிப்பறையில் வைத்துத்தான் படித்தார்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டால் ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். நூலகத்துக்குப் போய், காப்பீட்டு மோசடிக்கு எத்தனை வருஷம் என்று தேடிப் பார்த்தார். மார்லிஸ் அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்ட ஹாட்டிஷ் செய்து வைத்தாள். அதை முள்கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். ஜெயிலுக்குப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஜெயிலிலிருந்து எப்படி இவள் கோட்டுக்குப் பொத்தான் போடுவது?

லைல் மான்கறியோடு திரும்பி வந்தான். விஷயத்தையெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். "நீ ஏன் அக்காவை விவாகரத்து பண்ணக் கூடாது?"

"வாயைக் கழுவு!"

"கோவப்படாத. பேப்பர்ல மட்டும். பொண்டாட்டியா இருக்கிறதுதானே பிரச்சினை? பொண்டாட்டி இல்லைன்னா அவ ஊழியர். அதே மேஜை, அதே சம்பளம், அதே ஊசி. நானும் நிம்மதியா மீன் பிடிக்கப் போவேன்."

அவன் சொன்னதில் எங்கே ஓட்டை என்று டெல்மர் இரண்டு நாள் தேடினார். கிடைக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. மறுபடி தேவாலயத்துக்குப் பின்னால் டிரக்.

"கெயில், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

"டெல்மர், நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றாள் கெயில். கொஞ்சம் இழுத்துவிட்டு, "ஆனா விதியில 'மனைவி'ன்னுதான் போட்டிருக்கு. 'முன்னாள் மனைவி'ன்னு போடலை" என்றாள்.

நீதிமன்றத்திலிருந்து விவாகரத்துப் படிவத்தை வாங்கி வந்து டிரக்கின் இருக்கைக்கு அடியில் ஒளித்தார். மார்லிஸிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தார். 'மார்லிஸ், உன்மேல இருக்கிற அன்பினால...' என்று தொடங்கினால் எல்லாமே அசிங்கமாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை மார்லிஸ் உதிரிப் பாகம் வாங்க டிரக்கை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் கையில் பாகம் இல்லை. படிவம் இருந்தது. கடையில் அப்போது பெட்டர்சன் வேறு நின்றுகொண்டிருந்தார்.

"யாரு அந்த கெயில்?" என்றாள் மார்லிஸ்.

"கெயிலா?"

"மூணு வாரத்துல பதினாலு போன். எல்லாம் நான் பக்கத்துல இல்லாதப்ப. உன் போனைப் பாத்துட்டேன். சாப்பிட மாட்டேங்கிற. கண்ணாடி முன்னாடி நின்னு தனியா பேசுற. இப்ப இது."

"மார்லிஸ், அவ நம்ம இன்சூரன்ஸ்..."

"இன்சூரன்ஸ்காரியா! நல்லா இருக்கு!"

"நான் வேணா அப்புறமா வரட்டுமா?" என்றார் பெட்டர்சன். ஆனால் நகரவில்லை.

டெல்மர் குனிந்தார். எந்தக் காலுறையில் வைத்தோம் என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஐந்து வாரமாகத் தினமும் காலையில் எடுத்து மாற்றி வைத்ததில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

மார்லிஸ் நின்றபடியே படித்தாள். படித்து முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை. வலது கை தானாகப் போய் இடது கையின் விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு வாரம்."

"லைலை வேலைக்கு வெச்சது?"

"இதுக்குத்தான்."

"என் தம்பிமேல உனக்கு இரக்கம் வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

"உன் கையைப் பாத்துக்கிட்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை, மார்லிஸ்."

"என் கை. என் ஊசி. ஆனா எனக்குத்தான் கடைசியா தெரியுது." அவள் குரல் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். "பேனாவைக் குடு."

"இப்பவேவா? கொஞ்சம் யோசிச்சுட்டு..."

"யோசிச்சா அழுதுடுவேன். குடு."

கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு வேண்டுமானால் தான் தயார் என்றார் பெட்டர்சன். அவருடைய இயந்திரத்தை அவரிடமே தள்ளிவிட்டு, மார்லிஸ் கடையைப் பூட்டினாள்.

திங்கட்கிழமை காலை, நீதிமன்றம் இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கு இருபது மைல். பனி தூறிக்கொண்டிருந்தது. மார்லிஸ் வழி முழுவதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி தூரத்தில், "நாய் எனக்கு" என்றாள்.

"பேப்பர்ல மட்டும்தானே!"

"பேப்பர்லயும் நாய் எனக்குத்தான்."

டெல்மர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்று நாளாகத் தொண்டைக்குள் வைத்திருந்த கேள்வியைக் கடைசியில் கேட்டுவிட்டார்.

"எல்லாம் அடங்கினதும்... மறுபடியும் என்னைக் கட்டிக்குவியா?"

"எப்படிக் கட்டிக்கிறது? கட்டிக்கிட்டா அன்னிக்கே இன்சூரன்ஸ் போயிடுமே."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. வண்டி ஒரு கணம் சாலையின் ஓரத்துப் பனியில் ஏறி இறங்கியது.

"அப்ப சாகற வரைக்குமா?"

"அறுபத்தஞ்சு வயசு வரைக்கும். அப்புறம் எனக்கு அரசாங்க இன்சூரன்ஸ் வந்துடும். இன்னும் ஒம்பது வருஷம். அப்ப வந்து கேளு, பாக்கலாம்."

அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தார். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. ஒன்பது வருஷம். அதற்குள் அவளுக்கு இந்தச் சுதந்திரம் பழகிவிட்டால்? பனி தள்ளும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவரும் பெண்டாட்டி இல்லாத ஆண்கள் எத்தனை பேர்! பெட்டர்சன்கூடப் பெண்டாட்டி இல்லாதவர்தான். அந்த ஆள் ஏன் அத்தனை தடவை போன் செய்தார் என்று டெல்மருக்கு இப்போதுதான் சந்தேகம் வந்தது.

நீதிமன்ற ஜன்னலில் இருந்த பையன் படிவத்தைப் புரட்டினான். "பிள்ளைங்க இல்ல, சொத்துத் தகராறு இல்ல, ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. நீதிபதி வருஷக் கடைசிக்குள்ள பாத்துடுவாரு. கல்யாணச் சான்றிதழ் நகல் ஒண்ணு வேணும்."

"எங்ககிட்ட இல்லையே."

"கீழ்த் தளத்துல பதிவு அலுவலகம். அங்க ஆர்டிஸ்னு ஒருத்தங்க இருப்பாங்க. கேட்டு வாங்கிட்டு வாங்க."

ஆர்டிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"அடடே, புல்வெட்டிக் கடை! உங்ககிட்டதானே பதினஞ்சு வருஷமா என் மெஷினைக் கொண்டு வரேன். மார்லிஸ், போன கோடையில நீ போட்டுக் குடுத்த பிளேடு இன்னும் ஜம்முனு வெட்டுது. என்ன வேணும்?"

சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மார்லிஸின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு மட்டும் அடங்கியது. பெயரையும் வருஷத்தையும் கேட்டுக் கணினியில் தட்டினாள். மறுபடி தட்டினாள். வருஷத்தை மாற்றித் தட்டினாள். பிறகு, "ஒரு நிமிஷம்" என்று எழுந்து உள்ளே போனாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. டெல்மர் பெஞ்சின் ஒரு நுனியில், மார்லிஸ் மறு நுனியில். டெல்மரின் மனதில் ஒரே எண்ணம்தான் ஓடியது. கம்பெனிக்காரர்கள் இங்கேயும் சொல்லிவைத்திருக்கிறார்கள். உள்ளே இவள் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏனோ தெரியவில்லை, நடுவில் இருந்த இடைவெளியைத் தாண்டி மார்லிஸின் கை வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கோணல் சுண்டு விரல் அவர் உள்ளங்கையில் அழுந்தியது.

"ஒம்பது வருஷமெல்லாம் ரொம்ப அதிகம்" என்றாள் அவள் மெதுவாக. "நான் வேணா மாத்திரையையே சாப்பிட்டுப் பாக்கறேன், டெல்மர். வா, வீட்டுக்குப் போலாம்."

"மாட்டேன்" என்றார் டெல்மர். ஐந்து வாரத்தில் அவர் பயமில்லாமல் சொன்ன ஒரே சொல் அதுதான். "உன் கை மடங்கறதை இன்னொரு தடவை நான் பாக்க மாட்டேன்."

ஆர்டிஸ் ஒரு மஞ்சளடித்த காகிதத்தோடு திரும்பி வந்தாள். உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"கல்யாணம் பண்ணிக்க அனுமதி வாங்கியிருக்கீங்க. இதோ, உங்க ரெண்டு பேர் கையெழுத்து. கல்யாணம் முடிஞ்சதும் பாதிரியாரும் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டு இதோட அடுத்த பாதியை இங்க அனுப்பணும். அது வரலை. அனுமதி ஆறு மாசத்துல காலாவதி ஆயிடுச்சு."

"வரலையா?" என்றார் டெல்மர். "பாதிரியார் டாலெஃப்சன் அனுப்பறேன்னாரே!"

"அவர் போய்ச் சேந்து பன்னெண்டு வருஷமாச்சு. அவர் பண்ணி வெச்ச கல்யாணத்துல இப்படிப் பேப்பர் வராதது, எனக்குத் தெரிஞ்சு இது மூணாவது."

"ஆனா நூத்தி நாப்பது பேர் வந்தாங்க. கேக் வெட்டினோம்!"

"கேக்குக்கு இங்க பதிவேடு இல்லீங்க."

மார்லிஸ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. டெல்மருக்குக் காதுக்குள் ஏதோ இரைந்தது. முப்பத்தொரு வருஷம், ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே கடை.

"அப்ப இவ எனக்கு யாரு?" என்றார், கிட்டத்தட்ட அழுதுகொண்டே.

ஆர்டிஸ் அந்தக் காகிதத்தை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பின்னாலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மனசு கஷ்டப்படாதீங்க. ரெக்கார்டுப்படி சொல்லணும்னா, முப்பத்தொரு வருஷமா உங்க கடையில சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க. அவ்வளவுதான்."